அறுப்பின் பண்டிகைக்கு முன்: காவிரிப் படுகைச் சபைகளுக்கு ஒரு திறந்த மடல்

கர்த்தருக்குள் மதிப்பிற்குரிய ஆயர்களுக்கும், சேகரக் குழுக்களில் பொறுப்பேற்றிருக்கும் பெரியோர்களுக்கும், பெண்கள் ஐக்கிய சங்கத்தின் தாய்மார்களுக்கும், நம்முடைய ஆண்டவராகிய இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் வணக்கம்.

சம்பா, தாளடி அறுவடை முடிந்து களங்கள் காலியாகும் நாட்களில் நம்முடைய சபைகள் அறுப்பின் பண்டிகைக்குத் தேதி குறிக்கத் தொடங்கும். துண்டறிக்கை அச்சாகும், காணிக்கைக் கவர்கள் வீடு வீடாகப் போகும், காணிக்கையாக வரும் விளைபொருள்களை விற்கும் ஏலத்துக்குப் பொறுப்பாளர்கள் நியமிக்கப்படுவார்கள். அந்த வேலைகள் தொடங்குமுன் இந்த மடல் உங்கள் பார்வைக்கு வர வேண்டும் என்பதற்காகவே இப்போது எழுதுகிறேன். இந்தப் பண்டிகையில் நன்றி முன்னே வரட்டும், காணிக்கை அதைத் தொடர்ந்து வரட்டும் என்பதே என் விண்ணப்பம். கேட்பதற்கு இது சிறிய திருத்தமாகத் தோன்றலாம். ஆனால் அந்த வரிசை மாறியதால்தான் நம் பண்டிகை கொடுப்பவர்களின் பண்டிகையாகவும், கொடுக்க இயலாதவர்கள் தலைகுனிந்து உட்காரும் நாளாகவும் ஆகிவிட்டது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

பல இடங்களில் நடப்பதை நீங்களும் அறிவீர்கள். மல்கியா 3:10 வாசிக்கப்படுகிறது. பத்தில் ஒரு பங்காகிய தசமபாகத்தைப் பண்டகசாலைக்குக் கொண்டுவந்தால் வானத்தின் பலகணிகள், அதாவது சன்னல்கள், திறக்கும் என்ற வாக்கு எடுத்துச் சொல்லப்படுகிறது. கொடுக்கிறவனுக்கு இரட்டிப்பாகத் திரும்பக் கிடைக்கும் என்று பிரசங்கம் முடிகிறது. இப்படிப் போதிக்கும்போது, பெற்றதற்காகக் கொடுக்கும் காணிக்கை அடுத்த போகத்துக்குக் கட்டும் முன்பணம்போல் ஆகிவிடுகிறது. அதே அதிகாரத்தின் ஐந்தாம் வசனத்தில், கூலிக்காரனின் கூலியை அபகரிக்கிறவர்களுக்கும், விதவையையும் திக்கற்ற பிள்ளையையும் ஒடுக்குகிறவர்களுக்கும், அந்நியனாகிய பரதேசியின் நியாயத்தைப் புரட்டுகிறவர்களுக்கும் விரோதமாகத் தாமே சாட்சியாக நிற்கப்போவதாகக் கர்த்தர் சொல்கிறார். அறுப்பின் பண்டிகையில் அந்த வசனம் வாசிக்கப்பட்டு நான் கேட்டதில்லை. பலகணிகளின் வாக்கைச் சொந்தமாக்கிக்கொள்ள விரும்பும் சபை, அதற்கு முன்னால் நிற்கும் எச்சரிப்பைத் தாண்டிக் குதித்துப் போக முடியாது.

முதற்பலனைக் கூடையில் சுமந்து வருகிறவன் என்ன சொல்ல வேண்டும் என்பதை உபாகமம் 26ஆம் அதிகாரம் வரி வரியாகக் கற்பிக்கிறது. இத்தனை மூட்டை விளைந்தது என்று அவன் தொடங்குவதில்லை. தன் தகப்பன் அழியும் நிலையில் அலைந்தவன் என்றும், கொஞ்சம் பேரோடு எகிப்துக்குப் போய் அங்கே பரதேசியாய்த் தங்கினான் என்றும், எகிப்தியர் தங்கள்மேல் கடினமான வேலையைச் சுமத்தினார்கள் என்றும், கூப்பிட்டபோது கர்த்தர் கேட்டார் என்றும் சொல்லி முடித்த பிறகுதான், இந்த நிலமும் இதன் கனியும் நீர் கொடுத்தவை என்று கூடையை வைக்கிறான். அதற்கு அடுத்தபடியாகவே, ஆலயப் பணிக்கென்று பிரிக்கப்பட்டு நிலப்பங்கு இல்லாத லேவியனும் பரதேசியும் அவனோடு சேர்ந்து மகிழ வேண்டும் என்ற கட்டளை வருகிறது. தொடர்ந்து, மூன்றாம் வருஷத்துத் தசமபாகம் லேவியனும் பரதேசியும் திக்கற்ற பிள்ளையும் விதவையும் ஊர் வாசல்களில் புசித்துத் திருப்தியாகும்படி கொடுக்கப்பட வேண்டும் என்று சொல்லப்படுகிறது. நன்றி செலுத்துவது ஒரு கடமை, ஏழைக்குக் கொடுப்பது மற்றொரு கடமை என்று அந்த அதிகாரம் பிரித்துவைக்கவில்லை. ஒரு காலத்தில் நானும் நிலமற்ற அந்நியனாக இருந்தேன் என்று நினைக்கிறவன், இன்று நிலமில்லாதவனைத் தன் பந்தியில் உட்காரவைக்கிறான். அந்த நினைவு மங்கினால் பந்தியும் சுருங்கும். நான் சொல்ல வந்த அனைத்தும் இந்த ஓர் இடத்தை ஆதாரமாகக் கொண்டது.

அந்த அறிக்கையை நம்முடைய வயல்களை மனதில் வைத்துச் சொல்லிப் பாருங்கள். மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் 12 அன்று திறக்கப்பட வேண்டும். திறக்க இயலாமற்போன ஆண்டுகளையும் நாம் கண்டிருக்கிறோம். வரும் தண்ணீர் கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரிந்து, கிளை வாய்க்கால்கள் வழியாகக் கடைமடைக்கு வந்து சேரும்வரை, இரவிலும் கரையில் நின்று ஷட்டரை ஏற்றி இறக்கும் லஸ்கர் இருக்கிறார். நாற்றுப் பறிக்கிறவர்களும், சேற்றில் நாள் முழுவதும் குனிந்து நடவு நடும் பெண்களும், களை எடுக்கிறவர்களும் இருக்கிறார்கள். அறுவடை இயந்திரத்தோடு வெளியூரிலிருந்து வந்து, வேலை நடக்கும் வரப்போரத்திலேயே தூங்கி எழும் இளைஞர்கள் இருக்கிறார்கள். கொள்முதல் நிலையத்தில் மூட்டை தூக்குகிறவர்கள் இருக்கிறார்கள். இவர்களில் பலர் நம் சபையைச் சேர்ந்தவர்கள் அல்லர். சபையைச் சேர்ந்தவர்களோ, ஏலம் நடக்கும்போது பின்வரிசையில் அமைதியாக உட்கார்ந்திருக்கிறார்கள். "உனக்கு உண்டாயிருக்கிறவைகளில் நீ பெற்றுக்கொள்ளாதது யாது?" என்று பவுல் கொரிந்தியரிடம் கேட்ட கேள்வியை ஒரு நில உடைமையாளர் நேர்மையாகத் தன்னிடம் கேட்டுக்கொண்டால், அவருடைய நன்றி வானத்தை நோக்கி எழும்பும்போதே இந்த மனிதர்கள் பக்கமும் திரும்பாமல் இருக்க முடியாது.

எனவே காணிக்கைக்கு முன்பு கூலியைப் பற்றிப் பேசியாக வேண்டும். வயலை அறுத்த வேலைக்காரரிடமிருந்து பிடித்துவைக்கப்பட்ட கூலி கூக்குரலிடுகிறது என்றும், அறுத்தவர்களின் கூக்குரல் சேனைகளின் கர்த்தருடைய செவிகளில் பட்டது என்றும் யாக்கோபு எழுதியது நம் மண்ணில் வெறும் பழைய வசனமாக இருந்ததில்லை. 1968 டிசம்பர் 25 அன்று, நம் ஆலயங்கள் கிறிஸ்துவின் பிறப்பைக் கொண்டாடிய அதே நாளின் இரவில், கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். கூலியாகக் கூடுதல் நெல் கேட்டுச் சங்கமாக ஒன்றுதிரண்ட விவசாயத் தொழிலாளர்களின் குடும்பங்கள் அவை. இறந்தவர்களில் பெரும்பாலோர் பெண்களும் பிள்ளைகளும். கிறிஸ்துமஸ் நாளுக்கு இந்தப் படுகையில் அந்த நினைவும் உரியது. நெல்லுக்காக ஆண்டவருக்கு ஸ்தோத்திரம் சொல்லும் ஒரு சபை, அந்த நெல்லுக்கான கூலி முழுமையாகக் கொடுக்கப்பட்டதா என்று கேட்கத் தயங்குமானால் அதன் ஸ்தோத்திரத்தில் ஏதோ குறைகிறது.

வரி வசூலித்த சகேயுவின் வீட்டில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். இயேசு அவனிடம் ஒரு காசும் கேட்கவில்லை. உன் வீட்டில் தங்க வேண்டும் என்று மட்டும் சொன்னார். தான் ஏற்றுக்கொள்ளப்பட்டதை அறிந்த மகிழ்ச்சியில் அவன் தானாகவே எழுந்து நின்று, ஆஸ்திகளில் பாதியை ஏழைகளுக்குக் கொடுக்கிறேன் என்றும், அநியாயமாய் வாங்கியதுண்டானால் நாலத்தனையாக, அதாவது நான்கு மடங்காக, திரும்பச் செலுத்துகிறேன் என்றும் சொன்னான். நன்றியுள்ள ஒருவனின் ஈகையில் தானமும் இருக்கிறது, திருப்பிச் செலுத்துவதும் இருக்கிறது. நாம் முதலாவதை மட்டும் கவரில் போட்டு அனுப்பச் சொல்கிறோம்.

இன்னொரு மாற்றத்தையும் கவனித்திருப்பீர்கள். கையால் அறுத்த காலத்தில் கட்டுத் தூக்கிய பிறகு, சிந்திய கதிர்களைப் பொறுக்க ஏழைப் பெண்களும் பிள்ளைகளும் வயலில் இறங்குவார்கள். வயலின் ஓரத்தைத் தீர அறுக்காதே, சிந்தினதைப் பொறுக்காதே, அதை எளியவனுக்கும் பரதேசிக்கும் விட்டுவிடு என்ற லேவியராகமத்தின் கட்டளை அப்படி ஏதோ ஒரு விதத்தில் இங்கும் நடந்துகொண்டிருந்தது. மோவாபிய ரூத் போவாசின் வயலில் பொறுக்கிய கதிரிலிருந்துதான் தாவீதின் குடும்பத்து வரலாறே நகர்கிறது. இன்று இயந்திரம் வரப்பு ஓரம் வரை அறுத்துவிடுகிறது, வைக்கோலையும் மற்றோர் இயந்திரம் உருளையாகச் சுற்றிவிடுகிறது. இயந்திரத்தைக் குறை சொல்ல நான் வரவில்லை. ஆள் கிடைக்காத விவசாயிக்கு அது பெரிய உதவி. ஆனால் தானாகச் சிந்தியது நின்றுபோன பிறகு, ஏழைக்கான ஓரத்தை நாமாகவே கணக்கிட்டு ஒதுக்காவிட்டால் அந்தக் கட்டளை நம் வயல்களில் இல்லாமலே போய்விடும். அதை ஒதுக்குவதற்கு அறுப்பின் பண்டிகையைவிடப் பொருத்தமான நாள் எது?

கொடுப்பதைப் பற்றிப் புதிய ஏற்பாட்டில் மிக விரிவாகப் பேசும் இடம் 2 கொரிந்தியர் 8, 9 அதிகாரங்கள். எருசலேமின் ஏழை விசுவாசிகளுக்காகப் பவுல் பணம் திரட்டிய காலத்தில் எழுதப்பட்டவை அவை. "உற்சாகமாய்க் கொடுக்கிறவனிடத்தில் தேவன் பிரியமாயிருக்கிறார்" என்ற பிற்பகுதி நம் காணிக்கைக் கவர்களில் அச்சாகியிருக்கும். அதே வசனத்தின் முற்பகுதி, விசனமாயும் கட்டாயமாயும் வேண்டாம், அவரவர் மனதில் நியமித்தபடி கொடுக்கட்டும் என்று சொல்கிறது. கவரில் அதற்கு இடம் இருப்பதில்லை. பவுல் எடுத்துக்காட்டும் மக்கெதோனியா சபையார் கொடிய தரித்திரத்தில் இருந்தவர்கள். அவர்களிடம் யாரும் வற்புறுத்தவில்லை. இந்த உதவியில் தங்களுக்கும் பங்கு வேண்டும் என்று அவர்கள்தான் வேண்டிக்கொண்டார்கள், அதற்கு முன்பே தங்களைக் கர்த்தருக்கு ஒப்புக்கொடுத்திருந்தார்கள். அந்தக் காணிக்கை போய்ச் சேரும் இடத்தில் என்ன நடக்கும் என்பதையும் பவுல் சொல்கிறார்: பெற்றுக்கொள்கிறவர்கள் தேவனுக்கு ஸ்தோத்திரம் செலுத்துவார்கள். ஆக, நன்றியில் பிறந்த கொடை மற்றொருவருடைய வாயில் மறுபடியும் நன்றியாக எழும்புகிறது. ரோமருக்கு எழுதும்போதோ அவர் இன்னும் வெளிப்படையாக, எருசலேமின் ஞான நன்மைகளில் பங்குபெற்ற யூதரல்லாத புறஜாதிச் சபைகள் சரீர நன்மைகளால் உதவிசெய்யக் கடனாளிகள் என்கிறார்.

அந்தக் கடன் நமக்கும் உண்டு. 1706 ஜூலை 9 அன்று மிஷனரிகளான சீகன்பால்குவும் புளூட்சோவும் தரங்கம்பாடியில் இறங்கிய பிறகு, அவர்களை அனுப்பிய டென்மார்க் அரசரின் ஆதரவோடு, நம் ஊரை ஒருபோதும் பார்த்திராத ஜெர்மானிய, இங்கிலாந்து விசுவாசிகளின் காணிக்கையும் அந்த ஊழியத்தைத் தாங்கியது. நமக்கு வந்த சுவிசேஷமும் தமிழில் அச்சான புதிய ஏற்பாடும் அந்த முகமறியாதவர்களின் நன்றியிலிருந்து வந்தவை. அவர்களுக்கு நாம் திருப்பிக் கொடுக்க வழியில்லை. முகமறியாத வேறொருவருக்குத்தான் கொடுக்க முடியும். "இலவசமாய்ப் பெற்றீர்கள், இலவசமாய்க் கொடுங்கள்" என்ற கட்டளையும் அந்தத் திசையைத்தான் காட்டுகிறது. நாம் பெற்றது கிறிஸ்தவர்களிடமிருந்து மட்டும் என்றும் எண்ண வேண்டாம். 2004 டிசம்பர் 26 அன்று நாகப்பட்டினம் கடற்கரையைச் சுனாமி அழித்தபோது, இறந்தவர்களை மதம் பாராமல் அடக்கம் செய்ய நாகூர் தர்கா தன் நிலத்தில் இடம் கொடுத்தது. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பகுதிகளின் தென்னந்தோப்புகளைச் சாய்த்தபோது, யார் எவர் என்று கேட்காமல் பிற மாவட்டத்தினர் உணவும் தார்ப்பாயும் கொண்டுவந்தார்கள். அவர்களை நன்றியோடு நினைக்கும் ஒரு சபையால் தன் ஈகையை ஆலயச் சுவருக்குள் அடைத்துவைக்க முடியாது.

இந்த மண்ணிலேயே வாழ்ந்துகாட்டிய ஒருவரையும் நினைவூட்ட விரும்புகிறேன். ஹைதர் அலியின் படையெடுப்புக் காலத்தில், 1780களின் தொடக்கத்தில், தஞ்சாவூர் பஞ்சத்தில் சிக்கியது. கோட்டைக்குள் நெல் வர வேண்டும்; வெளியே குடியானவர்களிடம் நெல் இருந்தது. ஆனால் விலை தருவதாக அதிகாரிகள் சொன்னதை அவர்கள் நம்பவில்லை, ஏனென்றால் முன்பு ஏமாந்திருந்தார்கள். ஜெர்மானிய மிஷனரியான சுவார்ட்ஸ் ஐயர் தாம் பொறுப்பேற்பதாகச் சொன்ன பிறகுதான் நெல்லும் மாடுகளும் வந்தன. சொன்னபடி அவர் பணமும் கொடுத்தார். விலை குறைவாக இருந்தபோது வாங்கி வைத்திருந்த நெல்லைக்கொண்டு அவர் பசித்தவர்களுக்கு உணவளித்ததும் அந்தக் காலத்தில்தான். அவருடைய தயாளத்தைப் பற்றி நாம் பேசுவதுண்டு. அதற்கு அடியில் இருந்த நாணயத்தைப் பற்றிப் பேசுவதில்லை. உழைத்தவனுக்கும் விற்றவனுக்கும் சேர வேண்டியதைச் சேர்க்கிறவர் என்று பெயர் பெற்றிருந்ததால்தான் அவருடைய ஈகையால் ஊரைக் காப்பாற்ற முடிந்தது. 1798இல் அவர் இறந்த பிறகு, கிறிஸ்தவராக மாறாத சரபோஜி மன்னர் அவருடைய கல்லறைக்காகத் தாமே எழுதிய வரிகளில், அநாதைகளின் தகப்பன் என்றும் விதவைகளின் ஆதரவு என்றும் அவரைக் குறிப்பிட்டார்.

இனி, நான் உங்களிடம் எதிர்பார்ப்பவற்றைத் தெளிவாகச் சொல்கிறேன். பண்டிகைக்கு இரண்டு ஞாயிறுகளுக்கு முன்பே, கூலி பாக்கி, குத்தகைத் தகராறு, வாங்கித் திருப்பாத கைமாற்று ஆகியவற்றைத் தீர்த்துவிட்டுப் பலிபீடத்துக்கு வரும்படி ஆயர் சபையைக் கேட்டுக்கொள்ள வேண்டும். சகோதரனோடு ஒப்புரவாகும்வரை காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டுப் போகச் சொன்னவர் நம் ஆண்டவரே. கொடுத்தவர் பெயரையும் தொகையையும் ஒலிபெருக்கியில் வாசிக்கும் பழக்கம் நிற்க வேண்டும். இதில் விட்டுக்கொடுப்பதற்கு எனக்கு மனமில்லை. ஏழை விதவை போட்ட இரண்டு காசைப் பற்றிப் பிரசங்கித்துவிட்டு, அதே பீடத்திலிருந்து ஆயிரங்களை இறங்கு வரிசையில் வாசிப்பது அந்தப் பெண்ணுக்கு நாம் செய்யும் அவமரியாதை.

ஏலத்தைப் பற்றி மாறுபட்ட கருத்து இருக்கும் என்று அறிவேன். முதல் பூசணிக்காயையும் சேவலையும் வாழைத்தாரையும் ஏலம் விடும்போது பிள்ளைகளுக்கு உண்டாகும் மகிழ்ச்சி உண்மையானது. அதிக விலைக்கு எடுத்த பொருளை அங்கேயே ஒரு முதியவரின் கையில் கொடுத்துவிட்டுப் போகும் நல்ல மனிதரையும் கண்டிருக்கிறேன். ஆனால் இரண்டு குடும்பங்களின் பகை ஒரு தேங்காயின் விலையில் வந்து நிற்பதையும் நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். என் எண்ணத்தில், வந்த விளைபொருள்களில் சமைக்கக்கூடியதைச் சமைத்து எல்லோரும் ஒரே பந்தியில் உண்பதும், மீதியை நிலமில்லாத வீடுகளுக்கு, சபை வேறுபாடு பாராமல், மாலைக்குள் கொண்டுசேர்ப்பதும் உபாகமத்தின் கட்டளைக்கு மிக அருகில் இருக்கும். பணம் பகிர்வதைவிடப் பந்தி பகிர்வது நம் சபைகளுக்குக் கடினமாக இருந்திருக்கிறது. 1833இல் பேராயர் டேனியல் வில்சன் ஆலயத்துக்குள் சாதி வேறுபாடு கூடாது என்று உத்தரவிட்டபோது தஞ்சாவூர்ச் சபையிலிருந்து பலர் பிரிந்து சென்ற வரலாற்றை மறைப்பதில் பயனில்லை. பசியாயிருக்கிறவர்களைக் காத்திராமல் முந்திச் சாப்பிடுகிறவர்களைப் பார்த்து, இது கர்த்தருடைய இராப்போஜனம் அல்ல என்று பவுல் சொன்னதும் இதே காரணத்துக்காகத்தான். அதனால் பந்தியில் யார் பரிமாறுகிறார்கள், யார் யாருக்கு அருகில் உட்காருகிறார்கள் என்பதில் குழுவின் கண் இருக்கட்டும்.

ஆலயச் செலவுக்குப் பணம் எங்கிருந்து வரும் என்று பொருளாளர்கள் கேட்பது நியாயமே. கூரையில் மழைநீர் ஒழுகுகிறது, ஊழியருக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும். அந்தத் தேவைகளைச் சபையிடம் மறைக்க வேண்டியதில்லை. கட்டட நிதி வேண்டுமானால் கட்டட நிதி என்றே பெயர் சொல்லி வேறொரு ஞாயிற்றுக்கிழமை கேளுங்கள், சபை கொடுக்கும். ஸ்தோத்திரக் காணிக்கையிலிருந்து ஒரு பங்கு ஏழைகளுக்கு என்பதை எண்ணுவதற்கு முன்பே தீர்மானித்துவிடுங்கள். எண்ணிய பிறகு அந்தப் பங்கு சிறுத்துவிடும். பெற்றவர்களின் மானம் கெடாதபடி அவர்கள் பெயரை விட்டுவிட்டு, போன தொகை எவ்வளவு, எதற்குப் போனது என்ற கணக்கை மறு ஞாயிறு வாசியுங்கள். பெருந்தொகையைக் கையாளும்போது கர்த்தருக்கு முன்பாக மட்டுமன்றி மனுஷருக்கு முன்பாகவும் யோக்கியமாய் நடக்க வேண்டும் என்று பவுல் எடுத்துக்கொண்ட கவனம் நமக்கு அதிகமாகத் தேவைப்படுகிறது.

கடைசியாக, விளைச்சல் இழந்தவர்களைப் பற்றி. அறுவடை நேரத்தில் மழை பெய்து கதிர் சாய்ந்து முளைத்துப்போன வயல்காரரும், நெல்லின் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டியதால் கொள்முதல் நிலைய வாசலில் குவியலைத் தார்ப்பாயால் மூடிக் காத்திருப்பவரும் உங்கள் சபையில் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டுக்குக் காணிக்கைக் கவர் அனுப்பாதீர்கள். அத்திமரம் துளிர்விடாமலும் வயல்கள் தானியம் விளைவிக்காமலும் போனாலும் கர்த்தருக்குள் மகிழுவேன் என்ற ஆபகூக் தீர்க்கதரிசியின் அறிக்கை, இழந்தவன் தானே சொல்லும்போது விசுவாசம். இழக்காதவன் அவனைச் சொல்லவைத்தால் கொடுமை. இழந்தவருக்குக் கொடுக்க மனவிருப்பம் இருந்தால், இல்லாததின்படியல்ல, உள்ளதின்படியே தேவன் ஏற்றுக்கொள்வார். அந்த வீட்டுக்கு ஆயரும் குழுவினர் இருவரும் நேரில் போய், விதைநெல்லுக்கோ பிள்ளையின் பள்ளிக் கட்டணத்துக்கோ என்ன தேவை என்று கேளுங்கள். நம் பாட்டிமார் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைத் தனிப் பானையில் எடுத்துவைத்தார்கள்; எடுத்தது யார், எவ்வளவு என்று எவரும் வாசித்ததில்லை. பெண்கள் ஐக்கிய சங்கம் அந்தப் பிடியரிசியை மீண்டும் தொடங்குமானால், அதைக்கொண்டே ஒரு சேகரத்தில் இப்படிப்பட்ட வீடுகளைச் சில மாதங்கள் தாங்க முடியும்.

ஆலயம் கட்டப் பொன்னும் வெள்ளியும் குவிந்தபோது தாவீது, "எல்லாம் உம்மால் உண்டானது, உமது கரத்திலே வாங்கி உமக்குக் கொடுத்தோம்" என்று ஜெபித்தார். இந்த ஆண்டு பண்டிகைக்காக உங்கள் குழு கூடும் முதல் கூட்டத்தை அந்த ஜெபத்தோடு தொடங்கி, இந்த மடலையும் வாசித்து, ஏற்பதையும் மறுப்பதையும் காரணத்தோடு நடவடிக்கைக் குறிப்பேட்டில் பதிவுசெய்யும்படி கேட்டுக்கொள்கிறேன். கூலி பற்றிய அறிவிப்பையும், பெயர் வாசிப்பதை நிறுத்துவதையும் இந்த ஆண்டே செய்யலாம். அவற்றுக்குப் பணம் தேவையில்லை. பந்திக்கும் வீடுகளுக்குக் கொண்டுசேர்க்கவும் ஆட்கள் வேண்டும். அந்த வேலைக்கு என் பெயரை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

கர்த்தருடைய பணியில் உங்கள்,
கடைமடைச் சபை ஒன்றின் அங்கத்தினன்